காரணம் எழுதும் கட்டம்

மணி அடித்தபோது லூவான் தன் மேசையில் மத்தியான ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிராக்மன் பட்டறையில் அந்த மணியை யாரும் சும்மா அடிப்பதில்லை. எங்கோ மூடிப்போன ஒரு மாதா கோவிலிலிருந்து வாங்கி வந்து, வேலைக்கு வந்த நேரத்தைக் குத்துகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், சிலுவையில் தொங்கும் ஏசுவின் பாடுபட்ட சுரூபத்துக்குக் கீழே மாட்டியிருந்த பித்தளை மணி அது. அங்கே வேலை செய்கிற யார் வீட்டிலாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தால் மூன்று தரம் அடிப்பார்கள். அடித்த கையோடு மரம் அறுக்கிற பக்கத்தில் யாராவது ஒருவன் மிச்சப்பட்ட ஓக் துண்டுகளைப் பொறுக்கித் தொட்டில் செய்ய ஆரம்பித்துவிடுவான். கோவில் பெஞ்சு செய்கிற பட்டறை அது. தொட்டிலும் பெஞ்சு மாதிரியே கனமாக, நூறு வருஷத்துக்கு நிற்கிற மாதிரி இருக்கும்.

லூவான் ரொட்டியை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "யாரு? இந்தத் தடவை யாரு?"

"தையல் மேசைப் பொண்ணு!" என்று கத்தினான் மேஸ்திரி டென்னி. மணிக்கயிறு இன்னும் அவன் கையில் இருந்தது. "காலையிலேருந்து மூணு தரம் வாந்தி. கேட்டா வார்னிஷ் வாடைங்கறா. ஆறு பெத்தவன் நான். என்கிட்டயா?"

"நீ எங்கடா பெத்த? பெத்தவ வீட்ல இருக்கா. நீ மீன் பிடிக்கப் போயிருந்த" என்றான் ரம்பத்தின் பக்கம் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள்.

லூவானின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. தையல் மேசை என்றால் ட்ரிஸ்டா. கோவிலில் முழந்தாளிடும் பலகைக்குத் தைத்த மெத்தை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ட்ரிஸ்டா நின்றிருந்தாள். இருபத்தேழு வயசு முகம், சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி வெளுத்திருந்தது. கைதட்டுகிறவர்களை அவள் பார்க்கவில்லை. லூவானைத்தான் பார்த்தாள்.

அந்தப் பட்டறையில் இன்னொரு பிள்ளை ட்ரிஸ்டாவை என்ன செய்யும் என்று தெரிந்த ஒரே ஆள் லூவான்தான்.

*

மேற்கு ஓஹாயோவில், மூன்று மைலுக்கு ஒரு மாதா கோவில் கோபுரம் தெரிகிற அந்தப் பக்கத்தில், பன்றிப் பண்ணை வீட்டில் ஒன்பது பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவள் லூவான். பத்தொன்பது வயசில் பிராக்மன் பட்டறை அலுவலகத்துக்குத் தட்டச்சு செய்ய வந்தாள். முப்பத்துமூன்று வருஷமாக அங்கேயேதான். பால் வண்டி ஓட்டுகிற ரால்ஃபைக் கட்டிக்கொண்டு நாலு பெற்றாள். நாலாவதுக்குப் பிறகு அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும் இடையில்.

ஊரில் அவளுடைய நாணயம் ஒரு வேடிக்கைப் பேச்சு. யூக்கர் சீட்டாட்டத்தில், இறக்க வேண்டிய ஜாதிச் சீட்டு கையில் இருந்தும் தெரியாமல் வேறு சீட்டைப் போட்டுவிட்டால், யாருமே கவனிக்காதபோதும், "தப்புப் போட்டுட்டேன், ரெண்டு புள்ளி உங்களுக்கு" என்று தானே சொல்லிவிடுவாள். "இவளோட கூட்டு சேர்ந்து ஆடறதுக்கு நேரா பாவசங்கீர்த்தனக் கூண்டுலயே போய் உக்காந்துக்கலாம்" என்று அவள் கூட்டாளி தலையில் அடித்துக்கொள்வான். பாதர் முதல் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். தன் கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பது அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

பட்டறையில் அவளுக்கு இன்சூரன்ஸ் மேசை. வைத்தியச் செலவுத் திட்டத்தை முதலாளி குடும்பம் தன் பணத்திலேயே நடத்தியது. வெளியூர்க் கம்பெனி ஒன்று காகிதங்களை மட்டும் பார்த்து அனுப்பும். இடக்கான எதுவும் வந்தால் டாக்டர் கிளினிக்குப் பெண்கள் நேராக லூவானுக்குத்தான் போன் போடுவார்கள். யாருக்கு மூலம், யார் பையனுக்கு வலிப்பு, யார் எந்த மாத்திரையில் இருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை.

அவளுக்கு முன் அந்த மேசையில் இருந்தவள் வெரீனா. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பிள்ளை வராமலிருக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்கு வெரீனா கண்ணை மூடிக்கொண்டு 'மாதவிடாய் ஒழுங்கின்மை' என்று அதில் எழுதுவாள். "இந்த ஊர்ப் பொம்பளைங்கள்ல பாதிப் பேருக்கு ஒரே வியாதி, லூவான். அதுவும் கல்யாணம் ஆன மறுமாசம் வர்ற வியாதி" என்று கண்ணைச் சிமிட்டுவாள். முதலாளிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பியதில்லை. வெரீனா ஓய்வு பெற்றுப் போனதும் லூவான் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிட்டாள். டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதை அப்படியே அனுப்பினாள். டாக்டர்கள் வெரீனா எழுதியதையே எழுதி அனுப்பினார்கள். அதனால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, லூவானுக்கும் பொய் இல்லை.

பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. இன்சூரன்ஸ் கொடுக்கிற முதலாளி கர்ப்பத்தடைக்கும் கொடுத்தாக வேண்டும் என்று. அதுவரை யாரும் பேசாத விஷயம் வீட்டு மேசைக்கும் கோவில் பிரசங்கத்துக்கும் வந்துவிட்டது. முதலாளி வெர்ஜில் பிராக்மன் வக்கீல் வைத்தார், மன்றாடினார், சில வருஷம் ஏதோ இடைவழியில் ஓடியது. கடைசியில் மனசாட்சிக்கு ஒவ்வாத முதலாளி கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டம் திரும்பியது. ஜனவரி முதல் தேதியிலிருந்து பிராக்மன் திட்டப் புத்தகத்தில், கர்ப்பத்தடைக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி புதிதாக ஏறியது. அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் லூவான்.

வெர்ஜில் அதைச் சாப்பாட்டு அறையில் நின்று தானே படித்துக் காட்டினார். அவருடைய கடைசி மகள் மோனிக்கா மூளை வளர்ச்சி குறைந்த பெண். வயிற்றில் இருக்கும்போதே டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிள்ளை. தினமும் அப்பாவோடு பட்டறைக்கு வந்து பெட்டிகளில் விலாசம் ஒட்டும். அன்றும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிர்த்துப் பேச யாருக்கும் மனசு வரவில்லை.

கடைசி மேசையிலிருந்து ட்ரிஸ்டாவின் குரல் மட்டும் அடுத்தவளிடம் கேட்டது. "இன்சூரன்ஸும் நம்ம சம்பளம்தானே? சம்பளத்துல நான் பீர் வாங்கினா வந்து எட்டிப் பாக்கறாரா?"

"சத்தமா பேசாதடி. அவரும் பீர் வாங்கறவர்தான், சந்தோஷமா வந்து எட்டிப் பாப்பார்" என்றாள் மற்றவள்.

லூவான் திரும்பி முறைத்தாள். ட்ரிஸ்டா நாக்கைத் துருத்தினாள்.

*

மார்ச்சில், தவக்காலத்தின் முதல் வாரம், ட்ரிஸ்டா இன்சூரன்ஸ் மேசைக்கு வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவை அவள் சாத்தி லூவான் பார்த்ததில்லை.

"கஸ் பிறந்தப்ப எனக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். காகிதம் எல்லாம் லூவான் கை வழியாகத்தான் போனது. நவம்பரில் பையன் பிறந்து பத்தாம் நாள் ட்ரிஸ்டாவுக்கு மூச்சு வாங்கியது. பிரசவத்தில் இதயம் தளர்ந்துபோயிருந்தது. டேட்டன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள்.

"டாக்டர் படம் போட்டுக் காட்டினார். காத்துப்போன பலூன் மாதிரி இருக்கு, லூவான். திரும்பச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனா இன்னொண்ணு உண்டானா..." அவள் விரலால் கழுத்தை அறுத்துக் காட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "மாத்திரை கூடாதாம். ரத்தம் கட்டிக்குமாம். கர்ப்பப்பைக்குள்ள ஒண்ணு வெப்பாங்களே, அதான் எனக்கு ஆகுமாம். கைக்காசு கட்டி அதை வெச்சுக்க எங்களால இப்ப முடியாது. கஸ்ஸோட பில்லே இன்னும் ஓடிட்டிருக்கு."

"கர்ட்?" என்றாள் லூவான். கர்ட் ட்ரிஸ்டாவின் புருஷன். தானியக் கிடங்கில் வேலை.

"அவன் ஜாக்கிரதையாத்தான் இருக்கான். ஜாக்கிரதையில பிறந்தவன்தான் கஸ்."

லூவான் வெர்ஜிலிடம் போய், ஒரு பெண்ணுக்காக அந்த வரியில் விலக்கு கேட்டாள்.

"பேரு சொல்லாத" என்றார் அவர் உடனே. "யாருன்னு எனக்குத் தெரியவே வேண்டாம்."

"இதயம் கெட்டுப்போன பொண்ணு, வெர்ஜில். இன்னொரு பிள்ளைன்னா உயிருக்கு ஆபத்து."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதயத்துக்கு என்ன வேணுமோ எல்லாம் குடு. நாட்டுலயே பெரிய டாக்டரைப் பாக்கட்டும். அந்த ஒண்ணு மட்டும் என் கையால வேண்டாம். நான் யாரையும் தடுக்கல, லூவான். வாங்கிக்கறவங்க வாங்கிக்கட்டும். என்னை வாங்கித் தரச் சொல்லாதே."

"அவங்களால முடியலன்னா?"

"கோவில் பங்குல, நாள் பாத்து இருக்கற இயற்கை முறை வகுப்பு நடக்குது. நானும் என் பொண்டாட்டியும் போனதுதான்." எட்டுப் பிள்ளை பெற்றவர் அதைச் சொல்லும்போது லூவான் தரையைப் பார்த்துக்கொண்டாள். அவரே கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "அதிக ரத்தப்போக்கு, கட்டி, அந்த மாதிரி வியாதிக்கு அதே சாமானை வெக்கறாங்கன்னா அது மருந்து. அதுக்குத் தடையில்ல. பாதரையே கேட்டுட்டேன். உன் கேஸ் அப்படியா?"

"இல்ல. பிள்ளை வராம இருக்கத்தான்."

"அப்ப நீயே சொல்லு."

அவர் சொல்வது சரி என்றுதான் லூவானுக்கும் அன்று பட்டது.

நாலு நாள் கழித்து டாக்டர் கிளினிக் நர்ஸ் போன் செய்தாள். "ட்ரிஸ்டா படிவம் என் கையில இருக்கு. காரணம் எழுதற கட்டம் காலியா இருக்குங்க. அதிக ரத்தப்போக்குன்னு போட்டா உங்க பக்கம் போயிடும்னு கேள்விப்பட்டேன். அவளுக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது, யாருக்குத்தான் இல்ல. டாக்டர் கையெழுத்துப் போடத் தயாரா இருக்கார். எதுக்கும் உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதச் சொன்னார்."

கேட்டிருக்கவே வேண்டாம். வேறு எந்த ஊரில், வேறு எந்தக் கம்பெனியில் என்றாலும் கேட்டிருக்க மாட்டார்கள். லூவானின் நாணயம் டாக்டர் கிளினிக் வரைக்கும் போயிருந்தது. அவளைக் கேட்காமல் ஒரு பொய்யை அவள் மேசைக்கு அனுப்ப அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது.

சனிக்கிழமைதான் லூவான் பாதரிடம் பாவங்களைச் சொல்லித் தவக்காலப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்திருந்தாள். நெஞ்சு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"எது உண்மையோ அதை எழுதுங்க" என்றாள்.

"உண்மையை எழுதினா நீங்க திருப்பி அனுப்பிடுவீங்களே?"

"வேற மாதிரி சொல்ல என்னால முடியாதுங்க."

"சரிங்க" என்றாள் நர்ஸ். உண்மையை எழுதினார்கள். படிவம் திரும்பிப் போனது.

அன்று மத்தியானம் லூவான் நிம்மதியாகச் சாப்பிட்டாள். மீன் ரொட்டி. சாயங்காலம் கோவில் பங்குக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் பொரியலுக்குப் பரிமாறவும் போனாள். அந்த நிம்மதியை இப்போது நினைத்தால்தான் திக்கென்றிருக்கிறது.

*

மணி அடித்த அன்று லூவான் ட்ரிஸ்டாவை மெத்தைப் பஞ்சு அடுக்கிய அறைக்குள் இழுத்துப் போனாள். வெளியே டென்னி தொட்டிலுக்கு மரம் தேர்ந்தெடுக்கிற சத்தம் கேட்டது.

"மே பதினாலாம் தேதி கவுண்டி சர்க்கார் கிளினிக்ல இடம் கிடைச்சிருந்துச்சு" என்றாள் ட்ரிஸ்டா. "அங்க சும்மா வெச்சு விடுவாங்க. இன்னும் மூணு வாரம்தான். மூணே வாரம், லூவான்."

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னேன். எடுத்துடச் சொல்றார். சீக்கிரமா. நாள் ஆக ஆக ஆபத்துங்கறார்."

எடுத்துவிடு என்று சொல்ல லூவானுக்கு நாக்கு எழவில்லை. எடுக்காதே என்று சொல்லவும் எழவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் ட்ரிஸ்டா. "வந்ததை எடுக்க எனக்கு மனசு வராது. நானும் இதே கோவில்ல ஞானஸ்நானம் வாங்கினவதான். வராம இருக்கணும்னுதானே கேட்டேன்? அவ்வளவுதானே கேட்டேன்?"

அந்த இடத்தில் லூவான் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் என்னைக் கேட்டாள், நான்தான் வேண்டாம் என்றேன் என்று. வாயைத் திறந்தாள். "தண்ணி குடிக்கறியா?" என்றுதான் வந்தது. சீட்டாட்டத்தில் ரெண்டு புள்ளியை மறைக்கத் தெரியாதவள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையை விழுங்கினாள்.

அதற்குப் பதிலாகத்தானோ என்னவோ, வியாழக்கிழமை தோறும் ட்ரிஸ்டாவை டேட்டனுக்கு இதய டாக்டரிடம் தன் காரில் கூட்டிப்போக ஆரம்பித்தாள். கர்ட்டுக்குக் கிடங்கில் விடுப்பு கிடைக்காது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். இரண்டு பக்கமும் சோளம் முளைத்து, இடுப்புயரம் வளர்ந்து, ஆளை மறைத்தது. ட்ரிஸ்டாவின் கால்கள் வீங்கிக்கொண்டே வந்தன.

"இந்த ரோட்டுல எழுதியிருக்கற வேகத்துல போற ஒரே ஆள் நீங்கதான்" என்பாள் ட்ரிஸ்டா, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு. "பின்னாடி பாருங்க. டிராக்டர்காரன் ஹார்ன் அடிக்கறான். டிராக்டர்காரன்!"

"அவன் அவசரம் அவனுக்கு."

"வயித்துல இருக்கறது வெளிய வந்து ஓட்டிட்டுப் போயிடும் போல."

சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். அப்போதெல்லாம் லூவான், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பால் பண்ணை தாண்டினதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். பால் பண்ணை தாண்டும். ஊர் வந்துவிடும்.

ஜூலையில் டாக்டர்கள் ட்ரிஸ்டாவை வேலைக்குப் போகாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். வெர்ஜில் முழுச் சம்பளத்தையும் தொடர்ந்து கொடுத்தார். விஷயம் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலையில் வேலை தொடங்குமுன் பட்டறையில் ஜெபமாலையின் பத்து மணிகளை உருட்டி அவளுக்காக ஜெபம் சொன்னார்கள். மோனிக்காதான் அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லும். அந்தப் பெண்ணின் குரலைக் கேட்கும்போதெல்லாம் லூவானின் கையில் ஜெபமாலை மணி நகராது.

*

அக்டோபர் முதல் வாரம், இருபத்தொன்பதாவது வாரத்தில், வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். மூன்று பவுண்டு கனம் கூட இல்லை. ஆனால் அழுதது. குழந்தை பிழைத்துவிடும் என்று மறுநாளே சொன்னார்கள்.

ட்ரிஸ்டா நாலு நாள் சுவாச இயந்திரத்தில் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

டென்னி வந்து சொன்னபோது லூவான் நகல் இயந்திரத்தின் முன் நின்றிருந்தாள். "சரி" என்றாள். அவன் போன பிறகும் அங்கேயே நின்றாள். யாரோ வந்து தோளைத் தொட்டபோதுதான் பார்த்தாள், ஒரே காகிதத்தை எழுபது எண்பது நகல் எடுத்திருந்தாள். தட்டு நிறைந்து காகிதம் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷத் திட்டப் புத்தகத்தின் முதல் பக்கம்.

அடக்கத்தன்று பட்டறையை மூடினார்கள். பெட்டி, பூ, சாப்பாடு எல்லாம் வெர்ஜில் செலவு. ஆஸ்பத்திரியில் திட்டம் கொடுக்காத மிச்சத்தையும் தானே கட்டுவதாகக் கர்ட்டின் கையைப் பிடித்துச் சொன்னார். கல்லறையில் அவர் அழுத அழுகையில் அவருடைய பெரிய மகன் வந்து தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் ஒரு துளி நடிப்பு இல்லை. லூவான் அவரை முப்பத்துமூன்று வருஷமாக அறிந்தவள்.

திங்கட்கிழமை அவர் அறைக்குப் போய் நின்றாள்.

"அடுத்த வருஷப் புத்தகம் அச்சுக்குப் போகணும், வெர்ஜில். அந்த வரியில ஒரு வார்த்தை சேர்க்கலாமா? உயிருக்கு ஆபத்துன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும்னு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அடி வாங்கினவர் மாதிரி இருந்தது முகம். "லூவான். நீயா கேக்கற?"

"நான்தான்."

"அந்தக் குழந்தை உயிரோட இருக்கு. நேத்துப் பாத்துட்டு வந்தேன். என் விரலைப் பிடிச்சுது. அது வந்திருக்கவே கூடாதுன்னு என் கையால எழுதச் சொல்றியா?"

"கஸ்ஸுக்கு ஒரு வயசு கூட ஆகல, வெர்ஜில். அவனுக்கு அம்மா இல்ல."

"துக்கத்துல பேசறோம்" என்றார் அவர். "துக்கத்துல எதையும் மாத்தக் கூடாது. வரி அப்படியே இருக்கட்டும்."

அவரும் அழுதார், அவளும் அழுதாள். வரி அப்படியே இருந்தது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் லூவானுக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு அழுகைக்குப் பிறகு, இத்தனை நல்ல மனுஷன், ஒரு வார்த்தையை நகர்த்தவில்லை. ஆனால் அந்தக் குழந்தையைப் பார்த்து, நீ வந்திருக்கவே கூடாது என்று யாரால் சொல்ல முடியும்?

*

நவம்பர் நடுவில் கர்ட் போன் செய்தான். குழந்தை இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும், ஒரு விஷயம் நேரில் பேச வேண்டும், டேட்டனுக்கு வர முடியுமா என்று கேட்டான்.

ஆஸ்பத்திரி நடையில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றிருந்தான். கிடங்குத் தூசி படிந்த தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வரிசையாகக் குறைமாசக் குழந்தைகளின் கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவதில் அவன் மகள்.

"வீட்டுக்கு வந்ததும் ஞானஸ்நானம். டிசம்பர்ல, அட்வென்ட் முதல் ஞாயிறு, பத்தரைப் பூசைக்கு அப்புறம்" என்றான். "ஞானத்தாய் யாருன்னு ட்ரிஸ்டா முன்னாடியே சொல்லிட்டா. ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி. உங்க பேருதான் சொன்னா."

இதற்கு மேல் லூவானால் அந்த உண்மையை விழுங்க முடியாது. கோவிலில் மெழுகுத்திரியைப் பிடித்துக்கொண்டு, சாத்தானை விலக்குகிறாயா என்று பாதர் கேட்க, விலக்குகிறேன் என்று அந்தக் குழந்தைக்காகச் சொல்ல வேண்டியவள் அவளா?

"கர்ட், கேளு. நான் சொல்றதை முழுசா கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணு." சொன்னாள். நர்ஸ் போன் செய்தது, கட்டம் காலியாக இருந்தது, டாக்டர் தயாராக இருந்தது, தான் சொன்ன பதில். "ஒரு வார்த்தை, சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நான் சொல்லல. அஞ்சு மாசமா அவளைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்தேன், அப்பவும் சொல்லல."

கர்ட் தொப்பியைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"அவளுக்குத் தெரியும்" என்றான்.

"எது?"

"அந்த நர்ஸ் அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டா. லூவானைக் கேட்டேன், அவங்க ஒத்துக்கலன்னு. ட்ரிஸ்டா வீட்டுக்கு வந்து ஒரு தட்டைப் போட்டு உடைச்சா. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல."

அத்தனை வியாழக்கிழமைகள். சாய்த்த சீட்டு, டிராக்டர்காரன், சிரிப்பு. ஒவ்வொரு தடவையும் ட்ரிஸ்டா கண்ணை மூடிக்கொண்டு, இவள் எப்போது சொல்வாள் என்று காத்திருந்தாளா?

"தெரிஞ்சுமா என் பேரைச் சொன்னா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ஏண்டி அந்தப் பொம்பளைன்னு." அவன் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தபடியே சொன்னான். "'லூவான் பொய் சொல்ல மாட்டா. என் பொண்ணுக்குப் பொய் சொல்லாத ஒருத்தி இருக்கட்டும்'னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா. அவ எதையுமே சிரிச்சுக்கிட்டேதான் சொல்வா, உங்களுக்குத் தெரியும். கிண்டலா சொன்னாளா, நிஜமா சொன்னாளான்னு கேக்கறதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவன் இப்போதுதான் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. தூங்காத கண்கள்.

"என்னைக் கேட்டா, அன்னைக்கு நீங்க பொய் சொல்லியிருக்கணும்" என்றான். "ஆனா என்னை யாரும் கேக்கல. அவ கேட்டது உங்களை. பாதருக்கு இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் கண்ணாடியைத் தட்டி, பால் கொடுக்கிற நேரம் என்று சைகை காட்டினாள். கர்ட் தொப்பியை லூவான் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

"வர்றேன்" என்றாள் லூவான். தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் நடையைக் கடந்து கை கழுவும் தொட்டி வரைக்கும் போய், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள்.